ராத்தாவுக்கு ஒரு விளக்கம்



போன வாரம் ராத்தாவின் பிள்ளையைப் பார்க்கப் போனேன். தூக்கவுமில்லை, கொஞ்சவுமில்லை. வாசலோடு நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். ராத்தாவின் முகம் வாடிவிட்டது. காரணம் சொல்ல எனக்கு வெட்கம்.

என் உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வரும். காய்ச்சல் என்றாலும் வரும், தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக் களைத்தாலும் வரும். முதலில் குறுகுறுக்கும், பிறகு எரியும். உறைப்பு வாயில் வைக்க முடியாது. "டீச்சர், வாயில என்ன?" என்று பிள்ளைகள் கேட்டால், "பூச்சி கடிச்சிட்டு" என்பேன். கல்யாண வீட்டில் சஹனுக்கு உட்காராமல் நழுவிவிடுவேன்.

டொக்டர் சொன்ன பெயர் ஹெர்பிஸ். கேட்டதும் கூனிப்போனேன். ஆனால் உலகில் 50 வயதுக்குக் கீழ்ப்பட்டோரில் சுமார் 64 வீதமானோருக்கு இந்த வைரஸ் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே, யாரோ பாசமாகக் கொஞ்சியதில் தொற்றுவது. பிறகு நரம்பில் தங்கிவிடும். முற்றாகப் போக்க மருந்தில்லை. குறுகுறுப்புத் தொடங்கியதுமே அசைக்லோவிர் பாவித்தால் சற்று சீக்கிரம் ஆறும்.

நமக்கு இது வெறும் எரிச்சல். பிறந்த பிள்ளைக்கோ உயிராபத்து. உதட்டில் புண்ணோடு பச்சைப் பிள்ளையைக் கொஞ்சாதீர்கள். கொஞ்சாமல் நிற்பவரைக் கோபிக்கவும் வேண்டாம்.

ராத்தா, புண் ஆறிவிட்டது. வெள்ளிக்கிழமை வாறேன். சாச்சியிடம் பிள்ளையைத் தூக்கத் தருவீங்கதானே?