மலைக்கு ஓகே, சமவெளிக்கு 'ஸாரி'!

கொல்லிமலைக்கு காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. அப்புறம் ஆகாய கங்கைக்கு ஆயிரத்துச் சொச்சம் படி. இறங்குவது விளையாட்டு, ஏறும்போதுதான் நாக்கு வறளும். பாட்டில் பாட்டிலாகச் சுமப்பதற்கு, உள்ளங்கை சைஸ் ஃபில்டர் தேவலை என்பது என் கட்சி.

வாங்கும்போது 0.1 மைக்ரான் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பாக்டீரியா, அமீபா எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். வைரஸ் நழுவிவிடும். ஊரைத் தாண்டி வரும் ஓடையென்றால், வடிகட்டினாலும் கொதிக்க வைத்துவிடுங்கள்.

என் ஆபீஸ் நண்பர் இதே ஃபில்டரில் நாமக்கல் பக்கத்து போர் தண்ணீரை ஊற்றி, "உப்பு போகலையே, ஏமாத்திட்டான் சார்!" என்று குதித்தார். எப்படிப் போகும்? உப்பும் ஃப்ளோரைடும் தண்ணீரில் கரைந்தவையாச்சே! சேலம், நாமக்கல் சமவெளியில் பல ஊர்களின் தலைவலியே இந்த இரண்டும்தான். ஃப்ளோரைடு அதிகமானால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பதம் பார்க்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. அங்கே காவிரிக் குடிநீர், இல்லையென்றால் ஆர்.ஓ.தான்.

கலங்கல் தண்ணீரை முதலில் வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வீடு திரும்பியதும், கூடவே கொடுத்த ஸிரிஞ்சில் நல்ல தண்ணீர் நிரப்பி எதிர்ப்பக்கமாக அழுத்தினால் அடைத்த சேறு வெளியே வரும். நனைந்த ஃபில்டரை மட்டும் ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள். உள்ளே இழை விண்டுபோகும். வெளியே பார்த்தால் புத்தம் புதுசு மாதிரியே இருக்கும்!