முதல் ஐந்து கிலோமீட்டர்



விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் நான் ஓடுவதைக் கண்டு உங்களில் சிலர் புன்னகைத்ததுண்டு. காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், மறுபடியும் காந்தி சிலை. அந்தப் பழக்கத்தை நம்பியே பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தானின் பாதித் தொலைவுக்கு, அதாவது 21.1 கிலோமீட்டருக்கு, பெயர் கொடுத்தேன். தகப்பனை இழந்து ஓராண்டும் ஆகாத நம் சபை வாலிபன் ஒருவனும் ஓட வந்தான். அவனோடு கூடவே ஓடும்படி அவன் தாயார் என்னைக் கேட்டிருந்தார்.

கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்பது எங்கள் திட்டம். செம்மண் பாதை, மரங்கள், இருள் பிரியாத குளிர். கால்கள் தாமாகவே விரைந்தன. முதல் 5 கிலோமீட்டரை ஆறு ஆறு நிமிடங்களில் கடந்து, அவனைப் பின்னே விட்டுவிட்டேன். 5 நிமிடம் சேமித்ததாக எண்ணிக்கொண்டேன். நெடுந்தொலைவு ஓட்டத்தில் நேரத்தை அவ்வாறு சேமித்துவைக்க இயலாது. வேகம் கூடக்கூட, தசைகளில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து விரைந்து தீர்கிறது, உடல் சூடேறுகிறது, அதற்குரிய விலையை வெயில் ஏறியபின் செலுத்துகிறோம். 2018-இல் பெர்லினில் உலக சாதனை படைத்த எலியூட் கிப்சோகே, முதல் பாதியை 61 நிமிடம் 6 வினாடியில் ஓடி, இரண்டாம் பாதியை அதைவிட 33 வினாடி விரைவாக முடித்தார்.

எனக்கோ 14-ஆவது கிலோமீட்டரில் தொடைகள் கல்லாயின. எஞ்சிய ஏழையும் நடந்தேன், ஒவ்வொன்றுக்கும் 11 நிமிடம். சேமித்தது 5, இழந்தது 28. (பரிசும் தரவரிசையும் இல்லாத ஓட்டம் அது. யாரை முந்த விரைந்தேனோ!)

அவன் சீராக ஓடி வந்து சேர்ந்தான். கடந்து போகவில்லை, என்னோடு நடந்தான். நெடுநேரம் கழித்து, "அப்பா போன முதல் வாரம் தினமும் வீட்டுக்கு வந்தீங்க, ஐயா" என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

உண்மைதான். அந்த வாரம் நாள்தோறும் சென்றேன், நீங்களும் வந்தீர்கள். மூன்றாம் மாதத்தில் நான் ஒருமுறையும் செல்லவில்லை. எபிரெயர் 12-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தை எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன்! பொறுமையோடு ஓடச் சொல்லும் அவ்வசனத்தில் வேகம் என்ற சொல்லே இல்லை.

இப்போது மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மாலை அவர்கள் வீட்டில் இருக்கிறேன். சென்ற முறை தாயார் காப்பியை வைத்துவிட்டு, "அவருடைய சட்டைகளை என்ன செய்வது, ஐயா?" என்று கேட்டார். முதல் வாரத்தில் அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அன்று அது. மகன் எழுந்துபோய் பீரோவைத் திறந்தான்.