மணியோசை... பாங்கோசை!

டெட்ராய்ட் பக்கம் போனா ஹாம்ட்ராமிக்கை மிஸ் பண்ணிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ்! சுமார் 5 சதுர கிலோமீட்டர்தான், நடந்தே சுத்திடலாம்.

ஜோசப் காம்பா தெருவில் சிலையாக நிற்கிறார் போப் இரண்டாம் ஜான் பால். 1987-ல் நேரிலேயே வந்தவர். டாட்ஜ் கார் ஆலை வேலைக்கு வந்த போலந்துக்காரர்கள் வளர்த்த ஊராச்சே! தவக்காலத்துக்கு முந்தின நாள் 'பூன்ச்கி'க்கு க்யூ நிற்கும். நம்ம போண்டாவுக்குள் ஜாம் வைத்த மாதிரி.

1980-ல் ஆலை மூடியது. பிள்ளைகள் புறநகருக்குக் கிளம்ப, ஏமன்காரர்களும் வங்கதேசத்தவரும் குடியேறினார்கள். கோனன்ட் தெருவில் இப்போ பிரியாணி வாசனை!

2004-ல் மசூதி ஒலிபெருக்கியில் பாங்கு சொல்லலாமா என்று ஊரே ரெண்டுபட்டது. 'சர்ச் மணி மட்டும் அடிக்கலாமா?' என்று மற்ற மதத்தவர் பலரும் கூட நின்றார்கள். ஓட்டெடுப்பில் பாங்கு ஜெயித்தது.

2022-ல் நகர கவுன்சில் முழுக்க முஸ்லிம்கள். அமெரிக்காவே ஆச்சரியமாகப் பார்த்தது. 2023-ல் அதே கவுன்சில், நகராட்சிக் கம்பங்களில் ஓரினச் சேர்க்கையாளர்களின் வானவில் கொடிக்கு இடமில்லை என்றது. அன்று பாங்குக்காகப் பேசியவர்களில் சிலருக்கு அது துரோகமாகவே பட்டது. எனக்கும் அங்கேதான் இடறுது.

வீடுகளுக்கு அந்தத் தடை கிடையாது. நடக்கும்போது வாசல்களைக் கொஞ்சம் கவனிங்க.