நாம் நீக்கிய பெயர்

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 8:1-6



2022ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. மறுநாள் பிரசங்கத்திற்காக ஆயத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது, நம் சபையைச் சேர்ந்த தம்பி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்காபரோவுக்குத் திரும்பி வர வேண்டும். ஆனால் அவருடைய நிரந்தர வதிவிட உரிமை கேள்விக்குள்ளாகியிருந்தது. “பாஸ்டர், ஒரு கடிதம் தந்தால் போதும். அம்மா 2019 ஓகஸ்ட் வரைக்கும் எங்கட சபைக்கு ஒழுங்கா வந்தவ எண்டு எழுதுங்கோ” என்றார்.

அந்த அம்மா 2018 நவம்பரிலேயே புறப்பட்டுப் போய்விட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆயினும் நான் உடனே மறுக்கவில்லை. “நாளைக்கு ஆராதனைக்குப் பிறகு பேசுவோம்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அந்தத் தயக்கத்தை இன்றும் வெட்கத்தோடு நினைவுகூருகிறேன். இதை அந்தச் சகோதரியின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அவரை உங்களில் பலர் அறிவீர்கள். 2016 ஏப்ரலில் மகனின் அனுசரணையில் கனடாவுக்கு வந்த விதவைத் தாய். வந்த மாதமே, திருவிருந்து மேசையின் வெள்ளைத் துணியைத் தாமே கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். அன்று முதல் அதைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொண்டுவருவது அவர் ஊழியமாயிற்று. யாரும் அவரை அதற்கு நியமிக்கவில்லை.

2018இல் உடுவிலில் தனியே இருந்த அவருடைய தாயார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார். உடன்பிறந்தவர்களில் ஒருவர் பிரான்ஸில். மற்றவர் உயிரோடு இல்லை. கனேடியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் இந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு நிறைவேற அவருக்கு இன்னும் ஐந்து மாதங்களே இருந்தன. “இருந்திட்டுப் போங்கோவன்” என்று பலரும் சொன்னோம். நானும் சொன்னேன். “அஞ்சு மாதம் அம்மா இருப்பாவோ தெரியாது” என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார்.

தாயாரோ மூன்று ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தார். அதற்கிடையில் 2020 மார்ச்சில் கொள்ளைநோயின் காரணமாக இலங்கையின் விமான நிலையங்கள் பயணிகளுக்கு மூடப்பட்டன. 2021இல் இந்தச் சகோதரியின் நிரந்தர வதிவிட அட்டை காலாவதியாயிற்று. 2022இன் தொடக்கத்தில் தாயாரை அடக்கம் செய்துவிட்டு அவர் திரும்ப நினைத்தபோது, இலங்கை பொருளாதார நெருக்கடியில் தத்தளித்தது. பெற்றோல் வரிசைகள் நீண்டன. கொழும்புக்குப் போய்வருவதே பெரும்பாடாயிற்று.

இவ்விடத்தில் சட்டம் சொல்வதையும் சற்றே விளக்க வேண்டும். நம்மிடையே இதைக் குறித்துப் பல தவறான எண்ணங்கள் உலவுகின்றன. கனடாவின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி, நிரந்தர வதிவாளர் ஒருவர் ஒவ்வோர் ஐந்து ஆண்டுக் காலப்பகுதியிலும் குறைந்தது 730 நாட்கள் இந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். அந்நாட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. குடியுரிமை பெற்ற கணவனோடோ மனைவியோடோ சேர்ந்து வெளிநாட்டில் வாழ்ந்த நாட்களும் கணக்கில் சேரும். ஆனால் வளர்ந்த பிள்ளைகள் குடிமக்களாக இருப்பதால் பெற்றோரின் நாட்கள் கூடுவதில்லை. நம் சகோதரி கணக்கிட்டுப் பார்த்தபோது, முந்தைய ஐந்து ஆண்டுகளில் அவர் இங்கே இருந்தவை ஏறத்தாழ 520 நாட்களே. இருநூறுக்கும் மேற்பட்ட நாட்கள் குறைவு.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். அட்டை காலாவதியானதால் மட்டும் உரிமை போய்விடுவதில்லை. நாட்கள் குறைந்ததாலும் அது தானாக அற்றுப்போவதில்லை. அதிகாரி ஒருவர் விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானம் எதிராக அமைந்தால் மேல்முறையீடு செய்யவும் வழியுண்டு; இறுதி முடிவு வரும்வரை அவர் நிரந்தர வதிவாளரே. தீர்மானிக்கும் அதிகாரி மனிதாபிமான, கருணைக் காரணங்களையும் எடைபோட வேண்டும் என்று அதே பிரிவு கட்டளையிடுகிறது. ஏன் போனீர், ஏன் தங்கினீர், வரக்கூடிய முதல் சந்தர்ப்பத்தில் வர முயன்றீரா, இந்நாட்டில் உமக்கு என்ன பிணைப்பு உண்டு என்பன போன்ற கேள்விகள் எழும். சுருங்கச் சொன்னால், நாட்களை எண்ணுகிற சட்டமே காரணத்தையும் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் அந்தத் தம்பியை என் அறைக்கு அழைத்தேன். பொய்க் கடிதம் தர முடியாது என்று சொன்னேன். அம்மாவின் கடவுச்சீட்டில் இருக்கும் முத்திரைகளே நம்மை மறுத்துப் பேசும் என்றேன். பொய்த் தகவல் கொடுத்ததாக முடிவானால், நாட்கள் குறைந்ததற்கு மன்னிப்புக் கிடைத்திருக்கக்கூடிய ஒருவர் ஐந்து ஆண்டுகள் இந்நாட்டுக்குள் வர இயலாதபடி தடைசெய்யப்படலாம் என்றும் எடுத்துரைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் தாயைப் பார்க்கப் போன ஒரு மகளுக்குப் பொய் ஏன் தேவை? “உண்மையை எழுதித் தருகிறேன், உண்மையே அம்மாவுக்குப் போதுமான காரணம்” என்றேன். அவர் தலைகுனிந்தபடி சம்மதித்தார். நேர்மையைக் காத்துவிட்டேன் என்ற திருப்தியோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

அந்தத் திருப்தி திங்கட்கிழமை காலைவரையில்தான் நிலைத்தது. கடிதம் எழுத உட்கார்ந்தேன். வந்த நாள், போன நாள், மேசைத் துணி, தாயாரின் நோய் ஆகிய எல்லாவற்றையும் எழுதினேன். அடுத்து, “அவர் இல்லாத காலத்திலும் எங்கள் சபை அவரோடு இடைவிடாத தொடர்பில் இருந்தது” என்று எழுதத் தொடங்கிய இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. அது உண்மையா? அந்த மூன்றரை ஆண்டுகளில் நான் அவரை ஒரு முறையாவது அழைத்ததுண்டா? நினைவில்லை. நினைவில்லை என்பதே பதில்.

சபைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். 2019 டிசம்பரில் அங்கத்தினர் பட்டியலைப் புதுப்பித்த பக்கத்தில் அவருடைய பெயரின்மேல் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில், “வெளிநாடு சென்றுவிட்டார்” என்று மூன்று சொற்களுக்குள் அடங்கிய குறிப்பு. அதன் கீழே என் கையொப்பம்.

அன்பானவர்களே, நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் அரசாங்கம் அவருடைய பெயரைத் தன் பதிவில் வைத்துக்கொண்டு, அவர் ஏன் வரவில்லை என்று கேட்க ஆயத்தமாயிருந்தது. முகமறியாத ஓர் அதிகாரி அவருடைய காரணத்தை வாசிக்கக் கடமைப்பட்டிருந்தார். அவரைச் சகோதரி என்று அழைத்த நாமோ பதின்மூன்று மாதங்களில், ஒரு தொலைபேசி அழைப்பும் இல்லாமல், காரணம் கேளாமல், ஒரு கோட்டினால் அவரை நீக்கிவிட்டோம். மகனிடம் உண்மையை வற்புறுத்தின எனக்கு என் உண்மை அந்தப் பக்கத்தில் காத்திருந்தது.

அன்றுதான் சூனேமியாளின் கதையைப் புதிதாக வாசித்தேன். எலிசாவின் வார்த்தையைக் கேட்டு, பஞ்சத்தினிமித்தம் அவள் தன் வீட்டாரோடு பெலிஸ்தரின் தேசத்திற்குப் போய் ஏழு ஆண்டுகள் தங்குகிறாள். திரும்பி வந்தபோது வீடும் வயலும் அவள் கையில் இல்லை. ராஜாவிடம் முறையிடப் போகிறாள். முன்பொரு காலத்தில், “உனக்காக ராஜாவிடம் பேச வேண்டுமா?” என்று எலிசா கேட்டபோது, தன் ஜனத்தின் நடுவே குடியிருக்கும் தனக்கு அது தேவையில்லை என்று சொன்னவள் அவள். அந்த ஜனத்தின் நடுவிலேயே அவளுடைய இடம் போயிற்று. வயலை எடுத்துக்கொண்டவர் யார் என்று வேதம் சொல்லவில்லை. அயலாராக இருக்கலாம். அவர்கள் கொடியவர்களாக இருந்திருக்க வேண்டியதுமில்லை. “அவள் போய்விட்டாள், இனி வரமாட்டாள்” என்று நினைத்திருந்தாலே போதும்.

அவள் ராஜாவின் முன் வந்து நின்ற அதே வேளையில், கேயாசி அவளுடைய மகன் உயிர்பெற்ற வரலாற்றை ராஜாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஏழு ஆண்டுகள் கழிந்தும் அவளை அடையாளம் கண்டு, அவள் இவள்தான் என்று காட்டினான். கேயாசி குறைகள் மலிந்த மனிதன்தான். ஆனாலும் அவள் இல்லாத இடத்தில் அவளைக் குறித்துப் பேச அவன் இருந்தான். நம் சகோதரியைக் குறித்து அப்படிப் பேச நம்மில் ஒருவரும் இருக்கவில்லை.

நான் கடிதத்தை மறுபடியும் எழுதினேன். அந்த வாக்கியத்தை நீக்கிவிட்டு, இப்படி எழுதினேன்: “இந்தக் காலத்தில் எங்கள் சபை அவரோடு தொடர்பில் இருக்கவில்லை. அது எங்கள் தவறு. அவருக்கு இங்கே பிணைப்பு இல்லை என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ள வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” பிறகு உடுவிலுக்குத் தொலைபேசியில் அழைத்து, அந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டி, மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் மௌனம். பின், “பரவாயில்லை ஐயா. இப்ப எடுத்தீங்கள்தானே” என்றார்.

தாயாரின் மருத்துவச் சான்றுகள், மரணச் சான்றிதழ், விமானப் பயணச்சீட்டுக்கள், மகனின் வாக்குமூலம் ஆகியவற்றோடு அந்தக் கடிதமும் சேர்ந்து, பயண ஆவணத்திற்கான விண்ணப்பம் போயிற்று. மாதங்கள் சில கடந்தபின் அனுமதி வந்தது. எந்தக் காகிதம் அதிகாரியின் மனதைத் தொட்டது என்பதை நாம் அறியோம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அவர் வருவதற்கு முன்னரே சபைக் குழுவைக் கூட்டி, நடந்ததை அறிக்கையிட்டேன். சூனேமியாளின் நிலத்தை மட்டுமல்லாமல், அவள் தேசத்தைவிட்டுப் போன நாள்முதல் விளைந்த பலனையும் திருப்பிக் கொடுக்கும்படி ராஜா கட்டளையிட்டான். ஆகவே நாமும் அவரைப் புதிய அங்கத்தினராகச் சேர்க்காமல், 2016 முதல் இடையறாத அங்கத்தினர் என்றே பதிவேட்டில் எழுதினோம். சிவப்புக் கோட்டை மட்டும் அழிக்கவில்லை. அதை நான் பார்க்க வேண்டியிருக்கிறது.

திரும்பி வந்த முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். நான் சொல்ல ஆயத்தம் செய்திருந்த வார்த்தைகளுக்கு இடம் தராமல், “ஐயா, மேசைத் துணி இப்ப ஆரிட்ட இருக்கு?” என்று கேட்டார்.

அன்பானவர்களே, நிரந்தர வதிவாளராக இருப்பவர்கள் தங்கள் நாட்களை எண்ணிவையுங்கள். பழைய கடவுச்சீட்டுக்களையும் பயணச்சீட்டுக்களையும் எறிந்துவிடாதீர்கள். நீண்ட காலம் போக நேர்ந்தால், போகுமுன் உரிமம் பெற்ற சட்ட ஆலோசகரைக் காணுங்கள். திரும்பும்போது உண்மையையே எழுதுங்கள். இங்கேயே தங்கியிருக்கும் நமக்கோ வேறொரு வேலை உண்டு. இந்த வாரம் உங்கள் தொலைபேசியில், வெகுகாலம் அழைக்காத ஒரு பெயரைத் தேடுங்கள். நோயுற்ற தாயைப் பார்க்கப் போனவராக இருக்கலாம்; மனக்கசப்பால் விலகிப்போனவராகவும் இருக்கலாம். அழைத்து, ஏன் வரவில்லை என்று அன்போடு கேளுங்கள். பதிலைப் பொறுமையாய்க் கேளுங்கள்.

ஜெபம்: எங்கள் பெயர்களை மறவாத ஆண்டவரே, எங்களைவிட்டுத் தூரமாயிருப்பவர்களை நாங்கள் மறந்த பாவத்தை மன்னியும். அவர்கள் திரும்பும் நாளில் அவர்களுக்குரிய இடம் எங்கள் நடுவில் காலியாகக் காத்திருக்கக் கிருபை செய்யும். ஆமென்.