சாம்பல் பறக்காமல்

எங்கள் வீட்டுச் சமையலறைப் பரணில் இன்றைக்கும் ஓர் ஊதாங்குழல் கிடக்கிறது. இரும்புக் குழல், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. வாய் வைக்கும் பக்கம் தேய்ந்து வழவழத்திருக்கும். அடுப்புப் பக்கம் ஏறிய கரி சுரண்டினாலும் போகாது. கமுதிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்குக் குடிவந்தபோது அம்மியை விட்டுவிட்டு வந்தேன், ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு வந்தேன். இதை மட்டும் பழைய சேலையில் சுற்றி எடுத்துவந்தேன். ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

12 வயதில் அம்மா அதை என் கையில் கொடுத்தாள். எங்கள் பக்கம் விறகு என்றால் சீமைக்கருவேல முள்தான். காய்ந்திருந்தால் நின்று எரியும். ஈரமாக வந்துவிட்டால் எரிவதைவிடப் புகைவதே அதிகம். கண்ணில் நீர் கொட்ட, நெஞ்சு கொள்ளும் மட்டும் மூச்சை இழுத்துக் குழலில் ஓங்கி ஊதுவேன். சாம்பல் எழும்பி என் முகத்திலேயே அப்பும். அம்மா சிரிப்பாள். "எதுக்குடி இப்படி மல்லுக்கட்டுற? மெல்ல ஊது, நீளமா ஊது. கங்கு கண்ணு முழிக்கணும், சாம்பல் பறக்கக் கூடாது."

அந்தச் சொல்லின் அருமை விளங்க எனக்கு 60 வயது ஆகவேண்டியிருந்தது.

வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் 11 பேர். விடிகாலையில் அடுப்பு மூட்டி, சோறு வடித்து, குழம்பை இறக்கி வைத்துவிட்டுத்தான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன். மாலையில் வந்ததும் மறுபடி அடுப்பு. என் 38-வது வயதில்தான் வீட்டுக்குச் சிலிண்டர் வந்தது. ஆக, 26 ஆண்டுப் புகை. அதில் சிகரெட் புகை ஒரு துளிகூட இல்லை.

ஐம்பதைத் தாண்டியதும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவது சிரமமானது. பிறகு மாடிப்படி. பிறகு மார்கழிக் காலை. இரைப்பு வந்தபோதெல்லாம் தெருமுனை மருந்துக்கடையில் 'செட் மாத்திரை' வாங்கிப் போட்டுக்கொண்டேன். சின்னக் காகிதப் பொட்டலத்தில் மூன்று நிறத்தில் மூன்று மாத்திரை. போட்ட அன்றைக்கே நெஞ்சு லேசாகும். எட்டு வருடம் இப்படியே ஓட்டினேன். அதில் ஒன்று ஸ்டீராய்டு என்பது, சர்க்கரை ஏறி, முகம் உப்பி, எலும்பு மெலிந்த பிறகுதான் தெரிந்தது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தவள், "இது என்ன மாத்திரை?" என்று ஒருநாளும் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு மகன் வற்புறுத்தி நெஞ்சக மருத்துவரிடம் அழைத்துப்போனான். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற பெண், "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்கம்மா, இன்னும் இன்னும்" என்று கபடி ஆட்டத்துக்குக் குரல் கொடுப்பதுபோலக் கத்தினாள். எனக்கா ஊதச் சொல்லித்தருகிறாய் என்று மனசுக்குள் ஒரு கர்வம். மூன்று தடவை ஊதினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. நல்ல நுரையீரல், இழுத்த காற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கை முதல் விநாடியிலேயே வெளியே தள்ளிவிடுமாம். என்னுடையது பாதியைக்கூடத் தள்ளவில்லை.

"சிகரெட் பிடிக்கிறவங்க யாராச்சும் வீட்டுல?"

"இல்லைங்க டாக்டர்."

"விறகடுப்பு?"

நான் பேசாமல் இருந்தேன். அவர் தலையசைத்துவிட்டு 'சிஓபிடி' என்று எழுதினார். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சேதமானது திரும்பாது, ஆனால் சமாளிக்கலாம் என்றார். முதல் பாதிதான் என் காதில் விழுந்தது.

அந்த ஊதும் கருவியைப் பற்றிப் பின்னால் படித்தேன். ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் மாலுமி, போலீஸ்காரர், மல்யுத்த வீரர் என்று 2,000-க்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்து, 1846-ல் கணக்கை வெளியிட்டார். ஒருவர் ஊதும் அளவை வைத்து அவர் ஆயுளையே கணித்துவிடலாம் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கும் அந்த எண்ணே ஜாதகம் போலத் தெரிந்தது. மூன்று மாதம் அந்தக் காகிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்துக்கிடந்தேன்.

என்னை எழுப்பி உட்காரவைத்தது ஒரு பிசியோதெரபிப் பெண். என் பேத்தி வயது இருக்கும். "மூச்சு முட்டும்போது என்ன செய்வீங்க பாட்டி?" என்று கேட்டாள். வேறென்ன, காற்றை இழுப்பேன் என்றேன். "அதான் தப்பு" என்றாள்.

மூச்சு முட்டினால் காற்று உள்ளே வரவில்லை என்றுதான் எல்லாரும் நினைப்போம். இந்த நோயில் சங்கடம் வேறு. நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றுப்பைகள், பழைய ரப்பர் பேண்டு போல இழுவிசை இழந்து தொளதொளத்துப்போகின்றன. நுண்குழாய்களோ வீங்கிச் சுருங்கியிருக்கின்றன. முக்கி வெளியே தள்ளினால் பாதியிலேயே மடங்கி மூடிக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. நிறைந்த குடத்தில் மேலும் மேலும் நீரூற்றுகிற கதைதான். பயந்து வேகவேகமாக இழுக்க இழுக்க, அடைப்பு கூடுகிறதே ஒழியக் குறைவதில்லை.

"மூக்கால ரெண்டு எண்ணுற வரைக்கும் இழுங்க. உதட்டைக் குவிச்சு, நாலு எண்ணுற வரைக்கும் மெதுவா விடுங்க" என்றாள். உதட்டைக் குவித்தால் உள்ளே ஓர் எதிரழுத்தம் நிற்கும். குழாய்கள் மூடாமல் திறந்தே இருக்கும். தங்கிய காற்று வெளியேறும். நான் ஊதிப் பார்த்தேன். மெல்ல. நீளமாக. சட்டென்று அம்மா குரல் கேட்டதுபோல இருந்தது. கண்ணில் நீர் முட்டியது. இந்த முறை புகையால் அல்ல.

எட்டு வாரம் பயிற்சிக்குப் போனேன். நடை, உட்கார்ந்து எழுவது, கையில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. முடிந்ததும் மறுபடி ஊதவைத்தார்கள். எண் அசையவே இல்லை. ஆனால் ஆறு நிமிட நடைச் சோதனையில் முதலில் 240 மீட்டரில் உட்கார்ந்துவிட்டவள், இப்போது 310 மீட்டர் நடந்திருந்தேன். நுரையீரல் அதேதான், அதை வைத்துப் பிழைக்கத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத்தான் தலைமாட்டுக் காகிதத்தை எடுத்து பீரோவில் போட்டேன்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதெல்லாம் ஒரே பாடத்தின் பயிற்சிக் கணக்குகள்தாம். மாடிக்கு 18 படி. ஏறும்போது விடுவேன், நின்று இழுப்பேன். நாலு படிக்கு ஒரு நிறுத்தம். பார்க்கிறவர்கள் நான் வெற்றிலைக்கொடியை ரசிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் ரசிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். வயிறு முட்டச் சாப்பிட்டால் அது மேலே ஏறி உதரவிதானத்தை அழுத்துகிறது; அதனால் மூன்று வேளையை ஐந்தாகப் பிரித்துக்கொண்டேன்.

இன்ஹேலர் என்றாலே நம் ஊரில் ஒரு பயம். "பழகிட்டா விட முடியாதாம்ல" என்று பக்கத்து வீட்டம்மா சொன்னதைக் கேட்டு நானும் ஒரு வருடம் ஒளித்துவைத்தேன். மருத்துவர் கணக்காகவே சொன்னார்: "சால்பியூட்டமால் மாத்திரை ஒண்ணு 4 மில்லிகிராம்னா, அதே மருந்து இன்ஹேலர்ல ஒரு தடவைக்கு 100 மைக்ரோகிராம்தான். ஒரு மாத்திரையில 40 தடவைக்கான மருந்து இருக்கு டீச்சர்." கணக்கு டீச்சருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? இப்போது பூஜையறைச் சாவியோடு அதுவும் இடுப்பில் இருக்கிறது. ஸ்டீராய்டு கலந்ததை இழுத்த பிறகு வாய் கொப்பளிக்க மட்டும் மறக்கக் கூடாது. இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படியும்.

விடுவதில் கடினமானது காற்று அல்ல, வீம்பு. கையைத் தலைக்கு மேலே தூக்கினாலே எனக்கு மூச்சு வாங்கும். கொடியில் துணி போட முடியாது, தலைபின்ன முடியாது. ஒருநாள் பாதிப் பின்னலோடு கட்டிலில் சாய்ந்துகிடந்தேன். மருமகள் ஒன்றும் கேட்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "அத்தை, இப்படித் திரும்பி உக்காருங்க." எனக்கு வெட்கம். ஆறு வயதுக்குப் பிறகு யாரிடமும் தலையைக் கொடுத்ததில்லை. அவள் சிக்கெடுத்துக்கொண்டே தன் பிறந்த வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னாள். 20 வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டிராத கதை. இப்போது தினமும் அந்தக் கால்மணி நேரம் எங்கள் இருவருக்கும் வேண்டியிருக்கிறது.

எல்லா நாளும் இப்படி இல்லை. போகிப் புகை இருக்கிறது, கொசுவத்தி இருக்கிறது. தீபாவளிக்கு 2018-லிருந்து காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்று நேரம் குறித்திருக்கிறார்கள்; எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கடிகாரம் தெரியாது. ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டிக்கொள்வேன். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், வழக்கத்தைவிட இரைப்பு கூடினால், கால் வீங்கினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதில்லை. ஃப்ளூ தடுப்பூசியை வருடம் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். இதையெல்லாம் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், மருத்துவர் எண்ணோடு.

நடுராத்திரியில் வரும் முட்டல்தான் பொல்லாதது. எழுந்து, முழங்காலில் கையூன்றி முன்னால் சாய்ந்து உட்கார்வேன். பனையோலை விசிறியால் முகத்துக்கு நேரே வீசிக்கொள்வேன். இது பாட்டி வைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன். 2010-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், காலில் படும் காற்றைவிட முகத்தில் படும் விசிறிக் காற்று மூச்சுத்திணறல் உணர்வை அதிகம் தணிக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் தைரியம் என்று தனியாக எதுவும் வருவதில்லை. நாலு எண்ணுகிறேன், அவ்வளவுதான். அடுத்த நாலு. பத்து நிமிடம் போனால் தெருநாய் குரைப்பது காதில் விழும். சரி, தாண்டிவிட்டோம் என்று அர்த்தம்.

போன மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தேன். என் ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி, 55 வயது இருக்கலாம், பயிற்சி அறையில் உட்கார்ந்திருந்தாள். கரிமூட்டம் போடும் குடும்பமாம். வீட்டில் சிலிண்டர் இருக்கிறது; விருந்தாளி வந்தால் டீ போட மட்டும். பிசியோதெரபிப் பெண் "உதட்டைக் குவிச்சு மெதுவா" என்று எத்தனை தடவை சொல்லியும், அவள் கன்னம் உப்ப 'பூ'வென்று ஊதி இருமிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் சலிப்பு.

நான் நாற்காலியைப் பக்கத்தில் நகர்த்திப் போட்டேன். "ஏத்தா, நம்ம ஊதாங்குழல்ல ஊதுவோம்ல? அதே மாதிரி. ஆனா கங்கு மட்டும் கண்ணு முழிக்கணும், சாம்பல் பறக்கக் கூடாது."

அவள் என்னைப் பார்த்தாள். உதட்டைக் குவித்தாள். இல்லாத அடுப்பொன்றை நோக்கி மெல்ல, நீளமாக ஊதினாள். இறங்கிய தோள்களோடு இன்னொரு முறை ஊதினாள். பிறகு, "இதத்தான் இம்புட்டு நேரமா சொல்லுதா இந்தப் புள்ள?" என்றாள்.