கேலரிக்கு அடியில்...

கபடியோ கிரிக்கெட்டோ, மேட்ச் முடிந்ததும் நமக்குத் தெரிந்தது இரண்டே வேலைதான். ஜெயித்தால் விசில். தோற்றால், "நான் அப்பவே சொன்னேன்ல!" அத்தனை நேரம் நம் பாரத்தைத் தாங்கிய சீட்டைத் திரும்பிப் பார்க்கிறவர் உண்டா? தூசியைத் தட்டிவிட்டு (சீட்டில் இருப்பதை அல்ல, பேன்ட்டில் இருப்பதை!) கிளம்பிவிடுவோம்.

அடியேனுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் அக்கறை ஜாஸ்தி. காரணம், என் வாழ்க்கையின் முதல் உத்தியோகமே கேலரி கூட்டுவதுதான். சம்பளம்: ஒரு டீ, இரண்டு மசால் வடை, ஓசியில் கபடி.

ஊர் செந்துறை. இப்போது அரியலூர் மாவட்டம். நான் அரை டிராயர் போட்டுத் திரிந்த நாளில் திருச்சி மாவட்டம். செம்மண், முந்திரிக் காடு, பொங்கல் வந்தால் கபடி. ஆட்டக்களத்தைச் சுற்றி கேலரி கட்டுவது எங்கள் பெரியப்பா. பந்தல் போடுவது அவர் தொழில். கல்யாணமா, கருமாதியா, கபடியா... மூன்றுக்கும் அதே சவுக்குக் கம்பு, அதே கயிறுதான்.

ஐந்து படி கேலரி. சவுக்குக் கம்பை நட்டு, குறுக்கே கட்டி, மேலே பலகை. பலகைக்குப் பலகை இரண்டு விரல் நுழைகிற சந்து இருக்கும். மேலே இருப்பவர் கையில் கடலைப் பொட்டலம், வாயில் பீடி. எப்படியும் கடைசியில் இரண்டும் அந்தச் சந்து வழியாகக் கீழேதான் வந்து சேரும்.

ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவே நான் விளக்குமாறும் கையுமாக உள்ளே நுழைய வேண்டும். கடலைத் தோல், பொட்டலக் காகிதம், காற்றில் வந்து ஒதுங்கிய முந்திரிச் சருகு எல்லாவற்றையும் கூட்டி, வெளியே தூரமாகக் கொண்டு போய்க் கொட்ட வேண்டும். சில நாள் அதிர்ஷ்டமும் அடிக்கும். எட்டணாக் காசு, சீப்பு, ஒற்றைச் செருப்பு. (செருப்பைத் தேடி யாரும் கீழே வந்ததில்லை. இன்னொன்றையும் மேலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் போல.)

"ஏன் பெரியப்பா, எல்லாம் முடிஞ்சு கடைசியில ஒரே வாட்டியா கூட்டுனா ஆகாதா?" என்று கேட்டேன்.

"மேல உக்காந்திருக்கவன் ஆட்டத்தைப் பாப்பான்டா. அடியில பாக்க ஒரு ஆளு வேணும்ல? போ, போ!"

அவரும் சும்மா இருக்க மாட்டார். ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்ப்பார். தளர்ந்த இடத்தில் குச்சியைச் செருகி ஒரு முறுக்கு. மூலைக்கு மூலை ஒரு அண்டா தண்ணீர், ஒரு குவியல் மணல். ஊரில் சிலர், "பெரியவரு கபடிக்கு வந்தாரா, தீயணைப்புக்கு வந்தாரா?" என்று கிண்டல்கூடப் பண்ணினார்கள்.

ஒருநாள் ராத்திரி, செமி ஃபைனல். நான் அடியில் இருக்கும்போதே மேலேயிருந்து ஒரு பீடித் துண்டு விழுந்து, ஒரு பொட்டலக் காகிதம் குப்பென்று பிடித்துக்கொண்டது. பக்கத்தில் எல்லாம் கூட்டிச் சுத்தமாக இருந்ததால் அந்த ஒரு காகிதத்தோடு சரி. மிதித்து அணைத்துவிட்டேன். மேலே புகை போனதும் ஒருத்தர் குனிந்து, "யார்றா அது, கீழ பூந்து பீடி குடிக்கிறது?" என்று என்னையே அதட்டினார்! தலையெழுத்து!

பெரியப்பாவின் பிடிவாதத்துக்கு அர்த்தம், பல வருஷம் கழித்து பிராட்ஃபோர்டைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. இங்கிலாந்தில் இருக்கிற ஊர் அது. 1985 மே 11, கால்பந்து மேட்ச். பழைய மர கேலரி. பலகைச் சந்து வழியாக விழுந்த குப்பை வருஷக்கணக்கில் அடியிலேயே சேர்ந்திருந்தது. 'அணைக்காத சிகரெட் ஒன்று விழுந்தால் போதும், ஆபத்து' என்று எச்சரித்து முந்தின வருஷமே கடிதமும் போயிருந்தது. அன்றைக்கு இடைவேளை நெருங்கும் நேரத்தில் அதே மாதிரி ஒரு நெருப்பு விழுந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, கேலரி முழுக்கத் தீ. 56 பேர் போய்விட்டார்கள். ஆட்டத்தைப் படம் பிடிக்க வந்த டி.வி. கேமராவிலேயே அத்தனையும் பதிவானது.

அப்புறம் அந்த கேலரியின் அடியில் என்ன கிடைத்தது தெரியுமா? 1968-ம் வருஷத்து செய்தித்தாள் ஒன்று. கூடவே, பழைய பென்ஸ் கணக்கில் விலை போட்ட ஒரு கடலைப் பொட்டல உறை. அந்தக் கணக்கே 1971-ல் ஒழிந்துபோனது! அங்கேயும் கடலைப் பொட்டலம்தான், சார். படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய கணக்கு ஒழிந்து பதினாலு வருஷம் ஆகியும் விளக்குமாறோடு உள்ளே போக அங்கே ஒரு அரை டிராயர் பையன் கிடைக்கவில்லையே!

'இப்போதுதான் எல்லாம் கான்கிரீட் ஆச்சே' என்பீர்கள். நியாயம்தான். 1996 மார்ச் 13-ம் தேதி, கல்கத்தா ஈடன் கார்டனில் உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கையிடம் நாம் தோற்றுக்கொண்டிருந்தபோது ரசிகர்கள் பாட்டிலை வீசி, கேலரியிலேயே தீ மூட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதுவே மர கேலரியாக இருந்திருந்தால்? நினைக்கவே வேண்டாம். அது மட்டுமா? கபடிக்கு இன்னமும் தற்காலிக கேலரிதான். 2021 மார்ச்சில் தெலங்கானா சூர்யாபேட்டையில், ஜூனியர் தேசியக் கபடிப் போட்டியில் கேலரி அப்படியே சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அடிபட்டார்கள். செய்தியைப் பார்த்ததும் எனக்குப் பெரியப்பாவின் குச்சிதான் ஞாபகம் வந்தது.

ஜப்பான்காரர்கள் கதை வேறே. 2018 உலகக் கோப்பை கால்பந்தில் பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 என்று முன்னால் இருந்து, கடைசியில் 3-2 என்று தோற்றார்கள். அழுதுகொண்டே பையை எடுத்துக் குப்பை பொறுக்கினார்கள்! நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். பொட்டலத்தைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள முடியாதா என்ன? மிஞ்சினால் வீட்டில் துவைக்கிறவர் திட்டுவார். அது பழகின திட்டுதானே!

பிளாஸ்டிக் சீட் என்றாலும் சும்மா விட முடியாது. வெயிலில் காய்ந்து வெளுத்து, மொறுமொறுவென்று ஆகிவிடும். சோப்புத் தண்ணீரில் மெத்தென்ற பிரஷ் போட்டுத் தேய்த்தால் போதும். பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார் பட்டால் கீறல் விழுந்து, அதில் அழுக்கு குடியேறிவிடும். கழுவும்போது மேல் படியில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும். கீழேயிருந்து கழுவினால் மேலேயிருந்து வழிகிற அழுக்கை இரண்டாவது தடவையும் கழுவ வேண்டியதுதான்! அடியில் இருக்கிற போல்ட்டும் முக்கியம். சேப்பாக்கம் மாதிரி கடலுக்குப் பக்கத்தில் இருக்கிற மைதானத்தில் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும்.

ஆபீஸ் நண்பர்களோடு அங்கே மேட்ச் பார்க்கப் போனால் உட்காருவதற்கு முன்னால் ஒரு தடவை குனிந்து சீட்டுக்கு அடியில் பார்ப்பேன். போல்ட்டைக் கையால் ஆட்டியும் பார்ப்பேன். போன தடவை பக்கத்து சீட்டுக்காரர் ரொம்ப நேரம் கவனித்துவிட்டுக் கேட்டார்:

"என்ன சார், சில்லறை விழுந்துடுச்சா?"

அவர் கையில் கடலைப் பொட்டலம்!