சூடானால் எடுக்காத ஜீப்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால், இருங்காட்டுக்கோட்டை தாண்டி, ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் வருகிற ஊர் பென்னலூர். பக்கத்திலேயே 1998 முதல் கார்களை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும் ஹூண்டாய் ஆலை. தெற்கே ஒரகடத்தில் ரெனால்ட், டைம்லர், ராயல் என்ஃபீல்டு. ஊரிலேயே ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி. புது வண்டிகள் பிறக்கும் இந்த வட்டாரத்தில், முப்பது வருஷம் ஓடிய வண்டிகளை இன்னும் ஓடவைப்பவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்க, சர்வீஸ் ரோட்டை ஒட்டிய ஓர் ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறைக்குப் போயிருந்தேன்.

தகரக் கூரை, சுவரோரம் வரிசையாகச் செல்ஃப் மோட்டார்கள், டைனமோக்கள், சார்ஜில் போட்ட பேட்டரிகள். பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தை விட்டதும் புதுப்பேட்டையில் கையாளாகச் சேர்ந்து, ஆர்மேச்சர் கட்டுவதில் தொடங்கி வண்டி வயரிங் வரை கற்றவர். அவரிடம் ஒரே ஒரு உதவியாளர், இருபது வயதுப் பையன்.

அன்று வந்து நின்றது ஒரு மஹிந்திரா எம்எம் 540 ஜீப். 1980களின் நடுவில் வந்த மாடல். பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோவின் வடிவமைப்பில் செய்த 2112 சிசி டீசல் எஞ்சின், நாலு சக்கரமும் இழுக்கும். தோப்பு, குவாரி, ஏரிக்கரை என்று தார்ச்சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் போவதற்கென்றே செய்த வண்டி. வைத்திருப்பவர் ஏரிக்குக் கீழே நிலமும் சவுக்குத் தோப்பும் உள்ள பெரியவர். பதினைந்து வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அதைத் தவறாமல் செய்து வண்டியைக் காப்பாற்றி வருகிறார்.

“காலையில ஒரே அடியில எடுக்குது தம்பி. ஓடி சூடானப்புறம் நிறுத்தினா செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. டக் டக்குனு சத்தம் மட்டும் வருது. அதுவும் தினமும் இல்ல, எப்பவாச்சும்.”

வேறு இடங்களில் பேட்டரி மாற்றியாயிற்று. செல்ஃபைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் போட்டாயிற்று. பிறகு சொலினாய்டும் புதுசு. ஒவ்வொரு முறையும் பத்து நாள் நன்றாக எடுக்கும், மறுபடி அதே கதை.

பட்டறைக்காரர் ஸ்பேனரை எடுக்கவில்லை. கேட்க ஆரம்பித்தார். எடுக்காதபோது எஞ்சின் சுற்றுகிறதா, இல்லவே இல்லையா? தள்ளினால் எடுக்கிறதா? அந்த நேரத்தில் ஹெட்லைட் போட்டால் மங்குகிறதா? மழைக்குப் பிறகு அதிகமா? கடைசியாக வண்டிக்கு என்ன வேலை செய்தீர்கள்?

முதல் கேள்வியிலேயே பாதி வேலை முடிகிறது. எஞ்சின் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டீசல் பக்கம் போக வேண்டும்: ஏர் பிடிக்கிறதா, ஹீட்டர் பிளக் சூடேறுகிறதா என்று. இந்த ஜீப்பில் எஞ்சின் சுற்றவே இல்லை. தள்ளினால் உடனே எடுக்கிறது. அப்படியானால் டீசல் பக்கம் சுத்தம். மீதி இருப்பது பேட்டரி, கேபிள், சாவி, சொலினாய்டு, மோட்டார், எர்த்து. லைட் மங்கவில்லை என்பது இன்னொரு தடயம். பேட்டரி படுத்திருந்தால் லைட்டும் சேர்ந்து மங்கும். மங்கவில்லை என்றால் பேட்டரியில் சரக்கு இருக்கிறது, அது மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

“இப்போ வண்டி நல்லா இருக்கு. நல்லா இருக்கறப்ப பார்த்தா ஒண்ணும் தெரியாது. அது கெட்டுப்போகட்டும்ண்ணே” என்றார்.

வண்டியைச் சூடாக்க ஒரகடம் சாலையில் ஓட்டிக்கொண்டு போனோம். கன்டெய்னர் லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே ஜீப் முனகிக்கொண்டு ஓடியது. திரும்பி வந்து நிறுத்திச் சாவி போட்டால், உடனே எடுத்தது. மறுபடி நிறுத்தினார், மறுபடி எடுத்தது. பையனுக்குப் பொறுமை போயிற்று. “நல்லாத்தானே இருக்கு அண்ணா, குடுத்து அனுப்பிடலாமே.” அவர் பதில் சொல்லாமல் டீ வாங்கிவர அனுப்பினார். பானட்டைத் திறந்து வைத்து, மல்டிமீட்டரின் நீள வயர்களைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார்.

டீ குடித்து முடிந்தபின் பெரியவர் சாவியைத் திருப்பினார். டக் டக் டக்.

“அப்படியே இருங்கண்ணே. நான் சொல்றப்ப மட்டும் சாவி போடுங்க.”

முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டர் வைத்தார். சாவி போட்டபோதும் 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. அடுத்து பாசிட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் போல்ட் வரை: வித்தியாசம் 0.2 வோல்ட். அதுவும் சரி. பிறகு ஒரு வயரை நெகட்டிவ் முனையிலும், மற்றொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்தார். இங்கே அரை வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. சாவி போட்டதும் எண் 8ஐத் தாண்டி எகிறி எகிறி இறங்கியது.

என்னை அழைத்து, எஞ்சினை நிறுத்துவதற்காக இழுக்கிற கேபிளின் உறையைத் தொடச் சொன்னார். வெதுவெதுவென்று இருந்தது. மின்சாரம் திரும்பிப் போக வேண்டிய வழி அடைபட்டதால், அந்த மெல்லிய கேபிள் வழியாக ஓடப் பார்க்கிறது.

அதோடு அவர் முடிவுக்கு வந்துவிடவில்லை. ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்கில் கடித்து மாட்டினார். செல்ஃப் ஒரே அடியில் எடுத்தது. நிறுத்திக் கேபிளைக் கழற்றினார்: டக் டக். மாட்டினார்: எடுத்தது. பழுதைத் தன் விருப்பப்படி வரவழைக்கவும் போக்கவும் முடிந்த பிறகுதான் “எர்த்து பட்டை” என்று வாய் திறந்தார்.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கச் செம்புக் கம்பிகளைப் பின்னிய ஒரு பட்டை உண்டு. அதைக் கழற்றிக் காட்டினார். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் வெந்து, நடுவில் பச்சை பூத்திருந்தது. நகத்தால் நெருடியதும் இழைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. மறுமுனை சேசிஸில் பெயிண்டின் மேலேயே முடுக்கப்பட்டிருந்தது. வண்டிக்கு பெயிண்ட் அடித்தபோது யாரும் சுரண்டவில்லை. குளிர்ந்திருக்கும்போது மிச்ச இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். சூட்டில் விலகிவிடும்.

முன்பு பார்த்தவர்களுக்கு ஏன் இது அகப்படவில்லை? டெஸ்ட் லைட் வைத்துப் பார்த்திருப்பார்கள். அந்த பல்பு எரிய ஒரே ஒரு இழை போதும். டீசல் எஞ்சினைச் சுற்றவைக்கும் மோட்டாரோ இருநூறு ஆம்பியருக்குக் குறையாமல் கேட்கும். அந்த ஓட்டத்தில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் காணாமல் போய்விடும். இந்தத் தடையைச் சும்மா நிற்கும் வண்டியில் காண முடியாது. சாவி போட்டு, சுமை ஏற்றித்தான் அளக்க வேண்டும்.

இன்னொரு காரணம் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது. செல்ஃபைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் இந்தப் பட்டையும் அசைந்திருக்கிறது. அசைந்ததும் கொஞ்ச நாள் நன்றாகப் பிடித்திருக்கிறது. வண்டி எடுத்தது, பெயரைத் தட்டிக்கொண்டு போனது புது பிரஷ், பிறகு புது சொலினாய்டு. விட்டுவிட்டு வருகிற பழுதில் ‘சரியாகிவிட்டது’ என்பது எதற்கும் சாட்சி ஆகாது. அதைத் தெரிந்துவைத்து, தன் கை வேலையையே சந்தேகப்படுவதுதான் இந்தத் தொழிலின் உச்சம்.

இந்த வேலை பழைய வண்டிகளோடு முடிந்துவிடுவதில்லை. 1912இல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்தபின் கைப்பிடி போட்டுச் சுற்றும் காலம் மெல்ல முடிந்தது. அமெரிக்கா 1996இல் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஓ.பி.டி.-2 என்ற பழுதறியும் முறையைக் கட்டாயமாக்கியது. இன்று ஒரகடத்திலிருந்து வெளிவரும் வண்டியும் தன் பழுதைக் குறியீடாக எழுதிவைக்கிறது. ஆனால் ஓர் எர்த்து தளர்ந்தால் அதே கம்ப்யூட்டர் பல சென்சார்கள்மீது குற்றம் சொல்லக்கூடும். அப்போதும் ஒருவர் மீட்டரைப் பிடித்துக்கொண்டு, சுமை ஏற்றி, வழி நெடுக அளந்துகொண்டே போகத்தான் வேண்டும்.

பட்டறைக்காரர் இரண்டு முனைகளையும் பளபளக்கும்வரை எமரி போட்டுத் தேய்த்தார். புதுப் பட்டையை ஸ்டார் வாஷர் வைத்து முடுக்கினார். பேட்டரி நெகட்டிவிலிருந்து கியர்பாக்ஸ் போல்ட்டுக்குத் தனியாக ஒரு கேபிளும் ஓட்டினார். மேலே கிரீஸ் தடவி மறுபடி அளந்தபோது 0.1 வோல்ட். பெரியவர் கணக்குக் கேட்டார். பட்டையின் விலை, கேபிள் விலை, அதன்மேல் சொற்பக் கூலி.

அந்தக் கணக்கு எனக்கு நெருடியது. அரை நாள் கேள்வி, காத்திருப்பு, அளவை எல்லாம் அதில் எங்கும் இல்லை. சாமான் மாற்றினால் பணம், காரணம் கண்டுபிடித்தால் பணமில்லை என்று நாம் வைத்திருப்பதால்தான் நல்ல பேட்டரிகளும் நல்ல மோட்டார்களும் தூக்கி எறியப்படுகின்றன. பையன் ஐ.டி.ஐ. முடித்தவன், கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். மாதம் பிறந்தால் சம்பளம், வாசலுக்கு பஸ். அவனைக் குறை சொல்ல முடியாது. அவனை இங்கே நிறுத்த வேண்டுமானால் பில்லில் ஒரு வரி கூட வேண்டும்: பழுது கண்டுபிடித்ததற்கு இவ்வளவு என்று. டாக்டர் மருந்து எழுதாவிட்டாலும் பார்த்ததற்குப் பணம் கொடுக்கிறோம். மெக்கானிக்குக் கொடுக்க யோசிக்கக் கூடாது. அடுத்த முறை உங்கள் வண்டியைப் பட்டறையில் விடும்போது, என்ன மாற்றினீர்கள் என்பதற்கு முன் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு அதற்கான கூலியைக் கேட்காமலே கொடுங்கள்.